சத்தம் நீக்கிய நாற்பத்தேழு நொடி

லேபுக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சில் எபிநேசர் உட்கார்ந்திருந்தான். மடியில் ப்ராஜெக்ட் ரெக்கார்டு. கருநீல அட்டை, தங்க எழுத்து, நூற்றுப் பன்னிரண்டு பக்கம். இதன் மூலையால் ஒருத்தன் காதோரப் பொட்டில் ஓங்கி ஒரு போடு போட்டால் ஆள் அப்படியே சாய்ந்துவிடுவான் என்று தோன்றியது. மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். நல்ல கெட்டி. பைண்டிங் கடைக்காரர் வஞ்சகமில்லாமல் அட்டை வைத்திருக்கிறார். ஒரு போடு போதாது, இரண்டு வேண்டும், முதல் போட்டில் திரும்பிப் பார்ப்பான், இரண்டாவதில் விழுவான், விழும்போது இந்த பெஞ்சின் விளிம்பு பல்லில் படும், முன்பல் இரண்டு தெறிக்கும், வெள்ளைச் சட்டையில் ரத்தம் நன்றாகத் தெரியும். அந்தக் காதோரப் பொட்டு ஒரு முழத் தூரத்தில்தான் இருந்தது. சூர்யபிரகாஷ் டையைத் தளர்த்திவிட்டுச் செல்போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். காதுக்கு மேலே புதிதாக வெட்டிய முடி, கீழே ஒரு சின்ன மச்சம். மச்சத்தைக் குறிவைக்கலாம். எபிக்குக் கை நடுங்கியது. அடிக்கிற கை நடுங்காது, அடி வாங்குகிற கைதான் நடுங்கும் என்று அப்பா சொல்வார், பெல்ட்டை உருவிக்கொண்டே. ப்ராஜெக்டுக்கு இன்று வைவா, வாய்மொழித் தேர்வு. எட்டாவது பேட்ச் உள்ளே போய்ப் பதினைந்து நிமிஷம் ஆகிறது. அடுத்தது இவர்கள். ஒன்பதாவது பேட்ச், இரண்டு பேர். ரெக்கார்டின் முதல் பக்கத்துச் சான்றிதழில் இரண்டு பெயர்தான் இருக்கிறது. போன மாதம் வரை மூன்று இருந்தது. மூன்றாவது பெயரை எடுத்துவிட்டு அந்தப் பக்கத்தை மறுபடி அச்சடித்தவன் எபிதான். பெயரை அழிக்க ஒரு நொடி ஆனது, மற்ற இரண்டு பெயரையும் நடுவில் கொண்டுவரத்தான் நேரமானது.

“ஏல எபி, டெமோவுக்கு இருவத்தி மூணாம் வீடியோவைப் போடு” என்றான் சூர்யா, போனிலிருந்து கண்ணை எடுக்காமல். “அதுலதான் நா ஒன்னைத் தூக்கிப் போடுவேன்லா, செமையா இருக்கும்.”

“ம்” என்றான் எபி.

தூக்கித்தான் போட்டான். முதுகு மூன்று நாள் வலித்தது. ப்ராஜெக்ட்டின் தலைப்பே அதுதானே, கண்காணிப்புக் கேமராவில் அடிதடியைத் தானே கண்டுபிடிக்கும் கணினி. வீடியோவைக் கொடுத்தால் நான்கு நொடிக்கு ஒருமுறை அது பார்த்துச் சொல்ல வேண்டும், சண்டை என்றால் சிவப்பில் ‘ஃபைட்’, ஒன்றுமில்லை என்றால் பச்சையில் ‘நார்மல்’. கணினிக்குச் சண்டை என்றால் என்ன என்று கற்றுக்கொடுக்க நூற்றுக்கணக்கில் சண்டை வேண்டும். இணையத்தில் கிடைப்பதெல்லாம் வெள்ளைக்காரன் சண்டை, நாமே எடுப்போம் என்று சொன்னது சூர்யா. ஹாஸ்டலுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி, அதன் சுவருக்குச் சிவப்புப் பெயின்ட், அதற்கு முன்னால் நின்று பத்து நாள் சாயங்காலம் சண்டை போட்டார்கள். கிளாஸ் பையன்கள் எல்லோரும் வந்தார்கள். முதல் நாள் ஒரே சிரிப்பு, சினிமாக்காரன் மாதிரி காற்றில் குத்து, வாயாலேயே ‘டிஷ்யூம்’. மூன்றாம் நாள் சிரிப்புக் குறைந்தது. ஒருத்தன் அறை உண்மையிலேயே விழுந்துவிட, வாங்கியவன் “ஏன்டா மூதி” என்று திருப்பி அறைய, அது நன்றாக வந்திருக்கிறது என்று சூர்யா கைதட்டினான். ஐந்தாம் நாளிலிருந்து யாரும் காற்றில் குத்தவில்லை. எபியும் அடித்தான். தன்னைவிட ஒல்லியான ஒருத்தனைச் சுவரோடு சேர்த்து நெஞ்சில் மிதித்தபோது உள்ளே ஏதோ ஒன்று இனித்தது, சட்டென்று, வெல்லக்கட்டியை வாயில் போட்ட மாதிரி. அதை யாரிடமும் சொன்னதில்லை. மிதிபட்டவன் எழுந்து தூசி தட்டிக்கொண்டு “ஓகேவா, இன்னொரு டேக் வேணுமா” என்று கேட்டான். வேண்டும் என்றான் எபி. தேவையில்லாமல்தான் சொன்னான். பேச்சிமுத்து மட்டும் ஒரு நாளும் சண்டையில் இறங்கவில்லை. பேச்சிதான் மூன்றாவது பெயர். கேமராவுக்குப் பின்னால் நின்று, நோட்டில் ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டு, யார் யாரை அடித்தார் என்று எழுதிக்கொண்டிருந்தான். அப்படி எழுதியிருக்கவே வேண்டாம். அந்த நோட்டை வைத்துத்தானே அவன் அதைக் கண்டுபிடித்தான்.

இரண்டாவது ரிவியூவில், கைடு ராமலிங்கம் சார் முன்னால், சூர்யா நின்று தொண்ணூற்றேழு சதவீதம் என்று மார்தட்டிக்கொண்டிருந்தபோது பேச்சி எழுந்தான். “சார், ஒரு சந்தேகம். சண்டை எல்லாத்தையும் தொட்டிச் சுவர்கிட்ட எடுத்திருக்கோம். நார்மல் எல்லாத்தையும் கேண்டீன்ல எடுத்திருக்கோம். இது சண்டையைப் பாக்கல சார், செவத்தைத்தான் பாக்குது. எல்லாத்தையும் மறுபடி எடுக்கணும்.” சாருக்கு அது புரிந்ததோ இல்லையோ, பக்கத்து பேட்ச் பெண்களுக்குப் புரிந்துவிட்டது, ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் எல்லாம். கல்லூரிக்குப் பதினாறு பஸ் ஓட்டும் காண்ட்ராக்டர் மகன் சூர்யா, சொந்த ஊரில் போஸ்டர் ஒட்டிப் பிறந்தநாள் கொண்டாடுகிறவன், அவனைப் பார்த்து ஒரு பெண் சிரித்துவிட்டாள். மறுநாள் பதினொரு மணிக்கு எபி கேண்டீனில் போனை மூன்றுகால் ஸ்டாண்டில் வைத்து நார்மல் எடுத்துக்கொண்டிருந்தான். டீ குடிப்பவர்கள், தோசைக்கு நிற்பவர்கள், நார்மல், நார்மல். பேச்சி கை கழுவிவிட்டு வந்தான். சூர்யா எதிரே வந்தான். பேச்சே இல்லை, ஏச்சும் இல்லை. பின்னங்கழுத்தைப் பிடித்து முகத்தைத் தட்டு வைக்கும் கல்மேடையில் ஒரு இடி. மேலும் ஒரு இடி. எவர்சில்வர் தட்டுகள் சரிந்தன. பேச்சி கீழே விழுந்ததும் ஷூ காலால் காதில் மிதித்தான், இடது காதில், கரப்பான்பூச்சியை மிதிப்பதுபோல் குதிகாலைத் திருகித் திருகி. தொட்டிச் சுவரில் பத்து நாள் எடுத்த எதிலும் அந்தத் திருகல் இல்லை. யாருக்கும் அது தோன்றவில்லை. நாற்பத்தேழு நொடி. எபி ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்றான். விரல் போன் மேல்தான் இருந்தது. அப்போது பேச்சி தரையில் கிடந்தபடியே ஒரு வார்த்தை சொன்னான், மூன்று தடவை. அந்த இடத்துக்கு வந்ததும் எபியின் மனசு சுடுபாத்திரத்தைத் தொட்ட விரலாக இழுத்துக்கொள்ளும். கை கழுவுகிற இடத்தில் குழாய் திறந்தே கிடந்தது, தண்ணீர் வீணாகப் போய்க்கொண்டிருந்தது, அதை நினைக்கலாம். தண்ணீரை நினைக்கலாம்.

உள்ளேயிருந்து யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. தேர்வெடுக்க வெளிக்கல்லூரியிலிருந்து வந்திருக்கும் எக்ஸ்டர்னல் மேடம் மதுரைக்காரர், நல்லவராம், முந்திரி பிஸ்கட்டும் இளநீரும் வைத்திருக்கிறார்களாம், ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒரே ஒரு கேள்வி கேட்கிறாராம். நல்லவர்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள். அம்மாவும் நல்லவள். அப்பா பெல்ட்டை உருவும்போது அம்மா அடுப்படிக்குப் போய் மிக்ஸியை ஓடவிடுவாள். உள்ளே அரைக்க ஒன்றும் இருக்காது, வெறும் ஜார் கரகரவென்று ஓடும், பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்கக்கூடாதே. பெல்ட் தொடையில் விழும்போது எபி மிக்ஸியைத்தான் கேட்பான், எப்போது நிற்கும் என்று. மிக்ஸி நின்றால் அடி நின்றது என்று அர்த்தம். பிறகு அம்மா வந்து தேங்காயெண்ணெய் தடவுவாள், அழுவாள், ஒன்றும் கேட்க மாட்டாள். அவளை வெறுக்க வேண்டும் என்று பலமுறை நினைத்து, ஒரு தடவைகூட முடியவில்லை. அந்தக் கேண்டீன் நாள் சாயங்காலம் எபி ஹாஸ்டல் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு முதலில் செய்த காரியம் வீடியோவிலிருந்து சத்தத்தை நீக்கியது. அடியை அல்ல, சத்தத்தை. சத்தம் போனதும் பார்க்க முடிந்தது. சத்தமில்லாமல் பார்த்தால் பேச்சி வாயைத் திறந்து திறந்து மூடுவதுதான் தெரியும், என்ன சொல்கிறான் என்று தெரியாது. ஒரு மணி நேரக் கேண்டீன் வீடியோவை நான்கு நான்கு நொடியாக நறுக்கச் சின்ன புரோகிராம் எழுதியிருந்தான். அதற்குக் கண்ணா இருக்கிறது. கேண்டீன் என்று பெயர் தொடங்கினால் நார்மல் பெட்டியில் போடு என்று இவன்தான் சொல்லியிருந்தான். அது டீ குடிப்பவனையும் தோசைக்காரனையும் நறுக்கியதுபோல் அந்த நாற்பத்தேழு நொடியையும் பன்னிரண்டு துண்டாக நறுக்கி நார்மலில் போட்டது. மறுநாள் கவனித்தான். எடுத்துவிட வேண்டும் என்று எழுதிக்கூட வைத்தான். எடுக்கவில்லை. ராத்திரியெல்லாம் கணினி அந்தப் பன்னிரண்டு துண்டையும் திரும்பத் திரும்பப் பார்த்துப் படித்துக்கொண்டது, இது ஒன்றுமில்லை, இது ஒன்றுமில்லை என்று. எபியும் அதே பாடத்தைத்தான் படித்தான், கணினி கொஞ்சம் சீக்கிரம் தேறிவிட்டது.

“என்னல, மூஞ்சி செத்த மூஞ்சியா இருக்கு” என்றான் சூர்யா. போனைப் பையில் போட்டுவிட்டு எபியின் தொடையில் தட்டினான். செல்லமாகத்தான், ஆனாலும் வலித்தது. “பயப்படாத. நா பேசுதேன். நீ கம்ப்யூட்டரை மட்டும் பாத்துக்க. மார்க்கு வந்ததும் நீ மெட்ராஸ் போயிருவ, வேலை காத்துக்கெடக்கு. பொறவு என்ன.”

“பேச்சி வீட்டுக்குப் போனியா?” என்று எபி கேட்டுவிட்டான். ஏன் கேட்டான் என்று தெரியவில்லை.

சூர்யா அவன் பக்கம் திரும்பினான். முகத்தில் கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. “அவென் வழுக்கி விழுந்தான்ல. நீயும்தான் சொன்ன.”

நானும்தான் சொன்னேன். பிரின்சிபால் அறையில், ஏசி குளிரில், மூன்று பேர் கமிட்டி. கேண்டீன் தரை ஈரம், மாணவர் வழுக்கி விழுந்து கல்மேடையில் மோதினார் என்று முதலிலேயே எழுதி வைத்திருந்தார்கள். “நீங்க அன்னைக்கு அங்க வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தீங்களாமே தம்பி?” என்று ஒருவர் கேட்டார். “அது அப்ப ஆஃப்ல இருந்துச்சு சார்.” ஒரு வரி. அவரும் நல்லவர், மறு கேள்வி கேட்கவில்லை. பேச்சியின் அப்பா வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு கல்லூரி வராந்தாவில். எபியைப் பார்த்ததும், “ஏ தம்பி, நீ அவென் கூட்டாளிதான, எதாவது பாத்தியாய்யா?” என்றார். எபி இல்லை என்று தலையாட்டினான். அவர் நம்பினார். அந்த நம்பிக்கைக்கு அவர் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் ஆத்திரம் வந்தது எபிக்கு. ஏன்யா என்னை நம்புகிறீர், ஒரு அறை விடும், பல்லைக் கழற்றும், விட்டால் சொல்லித் தொலைத்துவிடுவேனே. அவர் விடவில்லை. பேச்சி படிப்பை நிறுத்திவிட்டான். இடது காது இனி கேட்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். போன வாரம் எபி போன் செய்தான். பேச்சி எடுத்து, “இரு, காதை மாத்திக்கிடுதேன்” என்றான். பிறகு கேட்டான், “செவத்தை மாத்துனீங்களா?” மாற்றவில்லை என்றான் எபி. “வைவாவுல கேட்டா மாட்டிக்கிடுவிய. வேற வேற எடத்துல கொஞ்சம் எடுத்துச் சேத்துரு. என் நோட்டுல எழுதியிருக்கேன் பாரு.” திட்டவில்லை. ஒரு சொல் திட்டவில்லை. மூதி, திட்டியிருக்கலாமே, கெட்ட வார்த்தையால் நாலு கிழி கிழித்திருக்கலாமே. போனை வைத்தபிறகு எபி ஹாஸ்டல் சுவரில் முஷ்டியால் குத்தினான். விரல்முட்டி தோலுரிந்தது. சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த ஆத்திரத்தில்தான் அன்றைக்கே சோதித்துப் பார்த்தான். தொட்டிப்பக்கம் போய் வெறும் சுவரை எடுத்தான். சுவருக்கு முன்னால் ஹாஸ்டல் நாய் வயிற்றைக் காட்டி வெயிலில் படுத்திருந்தது, வாலைக்கூட ஆட்டவில்லை. கணினி சிவப்பில் சொன்னது: ஃபைட், தொண்ணூற்றொன்பது. அப்புறம் அந்த நாற்பத்தேழு நொடியைக் கொடுத்தான். கல்மேடையில் முகம் இடிபட்டது, குதிகால் காதில் திருகியது, மேலே பச்சையில், அழகாக, கொஞ்சமும் பதறாமல், நார்மல், தொண்ணூற்றெட்டு. எபி சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், சிரித்துச் சிரித்துக் கழிவறைக்குப் போய் வாந்தியெடுத்தான். பேச்சி சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. சொன்னதற்குத்தான் காது போனது. சத்தத்தோடு இருக்கும் முழு வீடியோவை எபி அழிக்கவில்லை. போனில் ‘அம்மா ஸ்கேன்’ என்று பெயர் வைத்த கோப்பில் கிடந்தது, அதை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். இன்று காலையில் அதைப் பென்டிரைவில் ஏற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். எதற்கு என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. மெட்ராஸ் வேலை, அப்பாவின் பெல்ட் இப்போது அவர் இடுப்பிலேயே தொளதொளவென்று கிடப்பது, ‘எம் மவென் கம்ப்யூட்டர் வேலைக்குப் போறான்’ என்று அம்மா சர்ச்சில் சொல்லிவைத்திருப்பது, பதினாறு பஸ், அந்தப் பதினாறு பஸ்ஸில் எதுவும் ரோட்டில் ஒருத்தனை ஏற்றிவிட்டுப் போகலாம், சக்கரம் வயிற்றில் ஏறும்போது என்ன சத்தம் வரும், தட்டு சரிகிற சத்தமா, மிக்ஸி சத்தமா. சட்டைப்பையில் அந்தப் பென்டிரைவ் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது.

“பேட்ச் ஒன்பது” என்று ராமலிங்கம் சார் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

உள்ளே குளிர். மேடம் பிஸ்கட் துணுக்கைப் புடவையிலிருந்து தட்டிவிட்டு நிமிர்ந்தார். சூர்யா டையை இறுக்கிக்கொண்டு பேசினான். நன்றாகவே பேசினான், சமூகத்தில் வன்முறை பெருகிவிட்டது மேடம், பெண்களுக்குப் பாதுகாப்பு இல்லை மேடம் என்று. மேடம் தலையாட்டிக்கொண்டே ரெக்கார்டைப் புரட்டினார். தொண்ணூற்றேழு சதவீதம் என்ற இடத்தில் விரலை வைத்தார். “சரி. ரெக்கார்டுல இல்லாத புது வீடியோ ஒண்ணு போட்டுக் காட்டுங்க பாப்போம்.” அதுதான் அந்த ஒரே கேள்வி. சூர்யா எபியின் பக்கம் சாய்ந்து, உதடு அசையாமல், “இருவத்தி மூணு” என்றான். எபி கணினி முன் உட்கார்ந்தான். விரல் இருபத்து மூன்றின் மேல் போய் நின்றது. அதைத் திறந்தால் போதும். சிவப்பில் ஃபைட், கைதட்டல், கையெழுத்து, மதியம் பிரியாணி. முதுகு மறுபடி வலித்தது. கை நடுங்கிற்று. நடுங்கட்டும் என்று சட்டைப்பையில் கையை விட்டான்.

பெரிய திரையில் கேண்டீன் வந்தது. டீ குடிக்கிறவர்கள், பச்சை எழுத்து. பேச்சி ஈரக் கையை உதறிக்கொண்டு வந்தான், பச்சை எழுத்து. முகம் கல்லில் மோதியது. ராமலிங்கம் சார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். தட்டுகள் சத்தமில்லாமல் சரிந்தன. குதிகால் திருகியது. நார்மல், தொண்ணூற்றெட்டு. மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

“என்ன இது, நார்மல்னு காட்டுது? இது நடிச்சு எடுத்ததா?”

“ஆமா மேடம், ஆக்டிங்தான்” என்றான் சூர்யா, சிரித்துக்கொண்டே. கை எபியின் தோளில் வந்து விழுந்தது. விரல்கள் கழுத்தெலும்பைத் தேடிப் பிடித்து அழுத்தின. “ஏதோ மாடல்ல சின்ன பிரச்சனை மேடம், சரி பண்ணிருதோம். எபி, க்ளோஸ் பண்ணு.”

எபியின் கண்ணில் நீர் வந்துவிட்டது. வலியால்தான். புரோகிராமை மூடினான். கணினிக்குச் சத்தம் தெரியாது, அதன்மேல் குற்றமில்லை. பென்டிரைவில் இருந்த முழு வீடியோவைச் சாதாரணமாகத் திறந்தான். லேப் ஸ்பீக்கரின் திருகைப் பிடித்து வலதுபக்கமாகத் திருப்பினான், இன்னும், இன்னும், அதற்கு மேல் திரும்பாத வரைக்கும். கழுத்தெலும்பில் விரல்கள் கத்திமாதிரி இறங்கின. முதலில் தட்டுகள் விழுந்த இரைச்சல், ஜன்னல் கண்ணாடி அதிரும் அளவுக்கு. பிறகு குழாயில் தண்ணீர் போகும் சத்தம். பிறகு அந்தக் குரல், தரையிலிருந்து, வாய் நிறைய ரத்தத்தோடு, மூன்று தடவை.

“எபி... ஏல எபி... எபி...”

வீடியோ முடிந்தது. தோளில் இருந்த கை எடுக்கப்பட்டிருந்தது. எப்போது எடுத்தான் என்று தெரியவில்லை.

மேடம் மேசையில் இருந்த ரெக்கார்டைத் திறந்து முதல் பக்கத்துக்குப் போனார். இரண்டு பெயரையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

“கூப்பிடுறானே அந்தப் பையன்,” என்றார் மெதுவாக, “எபிங்கறது யாரு?”

எபி எழுந்து நின்றான்.

“நாந்தான் மேடம்.”